சிரிக்காதவர் மீது எறியப்படும் சொற்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினர் ஒருவர் நகைச்சுவையாகப் பேசினார். கிராமத்திலிருந்து வரும் மாணவர்கள் ஆங்கிலச் சொற்களை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். குரலை ஏற்றி இறக்கி, உதட்டைப் பிதுக்கி, தேர்ந்த நடிப்பு. அரங்கம் குலுங்கிற்று. முன்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தோம். மாணவர்களும் சிரித்தார்கள். நடித்துக் காட்டப்படுவது தாங்களே என்பதை மறந்து சிரித்தார்கள், அல்லது மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வதற்காகச் சிரித்தார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்ததால் அவள் சிரிக்காதது மேடைக்குத் தெரிந்தது. "அந்தப் பொண்ணுக்கு சென்ஸ் ஆஃப் ஹ்யூமர் கொஞ்சம் கம்மி போலிருக்கு" என்றார் விருந்தினர், ஒலிபெருக்கியில். அதுவரை எழுந்தவற்றை எல்லாம்விடப் பெரிய சிரிப்பு அப்போது எழுந்தது.

நானும் சிரித்தேன். இக்கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தது; ஆகவே அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது முறை.

வீடு திரும்பிய பின் என்னை உறுத்தியது அந்த ஆங்கிலத் தொடர். தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தவர் அந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்தார்? 'இந்தப் பெண் சிரிக்கவில்லையே' என்று தமிழில் சொல்லியிருந்தால் அது ஒரு நிகழ்வைப் பற்றிய கூற்றாக இருந்திருக்கும். ஏன் சிரிக்கவில்லை என்ற கேள்வி உடனே பின்தொடர்ந்திருக்கும். பதில் அவளிடமும் இருக்கலாம், நகைச்சுவையிடமும் இருக்கலாம். 'சென்ஸ் ஆஃப் ஹ்யூமர் இல்லை' என்பதோ ஒரு மருத்துவச் சான்றிதழ். இரத்தத்தில் இரும்புச் சத்து இல்லை என்பதைப் போல, குறை முழுவதும் அவள் உடம்பில் இருக்கிறது என்று முடித்துவிடுகிறது. சொன்ன நகைச்சுவையின் தரம் விசாரணையின்றி விடுதலை ஆகிவிடுகிறது.

நகைச்சுவை உணர்வு இல்லாதவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள் பெரும்பாலும் சிரிக்கவைக்கத் தவறியவர்களின் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டவை என்பது என் கட்சி. அவற்றுள் ஒரு சொல் மட்டும் மிகுந்த கண்ணியத்தோடு பிறந்தது. அச்சொல்லையும் இப்போது அதே வேலைக்கு இழுத்துவிட்டார்கள்.

*

முதலில் சந்தையில் புழங்கும் சொற்களைப் பார்ப்போம். கில்ஜாய் என்றால் மகிழ்ச்சியைக் கொல்பவர். ஸ்பாய்ல்ஸ்போர்ட் என்றால் ஆட்டத்தைக் கெடுப்பவர். வெட் பிளாங்கெட் என்பது நனைந்த போர்வை, எரியும் தீயின்மேல் போட்டு அணைப்பது. பார்ட்டி பூப்பர் என்ற அமெரிக்கச் சொல் விருந்தைப் பாழ்செய்பவரைக் குறிக்கிறது. அதன் கொச்சைப் பொருளை இங்கே விரிக்க வேண்டாம். அதற்குத் தம்பியாகப் பிறந்த பஸ்கில் என்பதும் கொலைக் குற்றச்சாட்டுத்தான்.

தமிழாசிரியன் என்ற முறையில் இவற்றின் இலக்கணத்தைக் கவனிக்கச் சொல்வேன். இச்சொற்களில் ஒன்றுகூட 'இவரிடம் இன்னது இல்லை' என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் 'இவர் இன்னதைச் செய்தார்' என்கிறது. கொன்றார், கெடுத்தார், அணைத்தார், பாழாக்கினார். உண்மையில் அவர் செய்தது என்ன? ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருந்தவரைக் கொலைவினைக்கு எழுவாய் ஆக்கும் வித்தை இது. என் மாணவி மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்ததைத் தவிர வேறொன்றும் அறியாள். ஆனால் இந்த அகராதியின்படி அவள் ஒரு விழாவைக் கொன்றவள்.

முகத்தை வைத்துத் திட்டும் சொற்களும் உண்டு. சவர்புஸ் என்றால் புளித்த முகம். புஸ் என்பது வாயையும் உதட்டையும் குறிக்கும் ஐரிஷ் மொழிச் சொல்லோடு தொடர்புடையது என்பர். போ-ஃபேஸ்ட் என்பது பிரிட்டனில் 1930களில் வழக்குக்கு வந்தது. அதிலுள்ள 'போ' படுக்கையறை மூத்திரச்சட்டியாக இருக்கலாம் என்று அகராதிகள் ஐயத்தோடு குறிப்பிடுகின்றன. நம்மிடமும் சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, முசுடு எல்லாம் இருக்கின்றன. இதில் தமிழுக்குத் தனிப் புனிதம் கொண்டாட நான் வரவில்லை. மூஞ்சியைப் பழிப்பது உலகப் பொதுமறை.

இந்தச் சொற்கள் ஏன் இத்தனை வன்மம் கொண்டிருக்கின்றன? டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹாய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' நூலில் இதற்கு விடை இருக்கிறது. ஆட்டத்தில் ஏமாற்றுபவனையும் ஆட்டத்தைக் கெடுப்பவனையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். ஏமாற்றுபவன் விதிகளை மதிப்பதாக நடிக்கிறான்; ஆட்டத்தின் மாயவட்டத்துக்குள்ளேயே நிற்கிறான். ஆகவே சமூகம் அவனைப் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. ஆட்டத்தைக் கெடுப்பவனோ வட்டத்தையே உடைத்து, 'இது வெறும் ஆட்டம்' என்று காட்டிவிடுகிறான். அவனை மன்னிப்பதில்லை. எனவே கள்ளாட்டம் ஆடுபவனைவிட ஆட மறுப்பவன்மேல்தான் கூட்டத்துக்குக் கோபம் அதிகம்.

நகைச்சுவைக் கூட்டத்திலும் இதுதான் நடக்கிறது. கேலியில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று 1905இல் வெளிவந்த தமது நூலில் ஃபிராய்ட் விளக்கினார்: சொல்பவர், தாக்கப்படுபவர், கேட்டுச் சிரிப்பவர். மூன்றாமவர் சிரித்தால்தான் முதலாமவரின் தாக்குதல் நிறைவுபெறும். அன்று விருந்தினருக்கு நாங்கள் தேவைப்பட்டோம். மாணவர்களை அவர் தாக்கப்படுபவர் இடத்திலிருந்து கேட்டுச் சிரிப்பவர் இடத்துக்கு மாற்றியும் விட்டார். அதுதான் அவருடைய உண்மையான திறமை. ஒருத்தி மட்டும் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வட்டம் உடைந்தது.

*

சென்ஸ் ஆஃப் ஹ்யூமர் என்ற தொடருக்கு வருவோம். நாம் நினைப்பதைவிட இது வயதில் இளையது. ஹ்யூமர் என்ற சொல் இலத்தீன் வழி வந்தது. அடிப்படைப் பொருள் ஈரம். உடலில் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் உள்ளன, அவற்றுள் ஒன்று மிகும்போது மனிதனின் குணம் கோணலாகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. 1598இல் பென் ஜான்சன் 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹ்யூமர்' நாடகத்தை மேடையேற்றியபோது ஹ்யூமர் என்பது இந்தக் கோணலைக் குறித்தது. அது இருந்தவனைப் பார்த்து ஊர் சிரித்தது. பின்னர் சொல் மெல்ல மெல்லக் கைமாறி, சிரிக்கப்படுபவனின் நோயாக இருந்தது சிரிப்பவனின் கலையாயிற்று. 19ஆம் நூற்றாண்டில்தான் அது ஒரு தனிப் புலன்போல எண்ணப்பட்டு, அந்நூற்றாண்டின் இறுதிக்குள் நல்ல மனிதர் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டிய பண்பாக உயர்ந்தது. டேனியல் விக்பெர்க் 1998இல் எழுதிய நூலில் இந்த வரலாற்றை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒருகாலத்தில் ஹ்யூமர் இருந்தால் நோயாளி. இப்போது இல்லாவிட்டால் நோயாளி. ஈரத்தில் பிறந்த இச்சொல்லுக்கு ஈரப்போர்வை பகையானதும், உயர்ந்த நகைச்சுவையை 'உலர்ந்தது' என்று பாராட்டுவதும் ஆங்கிலத்தின் சொந்த நகைச்சுவை.

அதே 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நம்மையும் ஆண்டுகொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1841இல் தொடங்கிய 'பஞ்ச்' இதழில் எஃப். ஆன்ஸ்டி என்ற எழுத்தாளர் பாபு ஜாபர்ஜி என்றொரு பாத்திரத்தைப் படைத்தார். 1897இல் அது நூலாகவும் வந்தது. இலண்டனுக்குச் சட்டம் படிக்கச் சென்ற வங்காளி ஒருவர், பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதே அதன் நகைச்சுவை. தம் மொழியைக் கற்கும்படி ஆட்சியால் நெருக்கியவர்கள், கற்றவனின் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் விருந்தினர் அன்று மேடையில் நடித்துக் காட்டியது புதுச்சரக்கு அன்று. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய துணி. அதைப் போர்த்திக்கொண்டவர் நம்மவராக இருந்தார், அவ்வளவே. சிரிக்காதவளுக்கு அவர் கொடுத்த பட்டமும் அதே கடையில் வாங்கியது.

*

இதுவரை சொன்னதற்கு இலக்கிய வாசகர் ஒருவர் உடனே மறுப்புச் சொல்வார். 'சிரிக்காதவர்கள் எல்லாம் உங்கள் மாணவியைப் போல அப்பாவிகளா? புத்தகத்தைத் தடைசெய்பவர்கள், கார்ட்டூனுக்கு வழக்குத் தொடுப்பவர்கள், நாடகத்தை நிறுத்துபவர்கள் யார்? மிலன் குந்தேரா சொன்ன அஜெலாஸ்த்துகள் அல்லவா?' மறுப்பு வலுவானது. குந்தேராவைப் படித்தவர்கள் நம் சூழலில் பலர். இந்தச் சொல்லைப் படித்த நாள்முதல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவர்களும் உண்டு. எனவே இதற்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும்.

அஜெலாஸ்த் என்ற பிரெஞ்சுச் சொல், சிரிக்காதவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஃபிரான்சுவா ரபெலே எடுத்துக்கொண்டது. 1552இல் தம் நான்காம் நூலைக் கர்தினால் ஒருவருக்குக் காணிக்கையாக்கி எழுதிய மடலில், தம்மை அவதூறு செய்பவர்களைக் குறிக்க இதைப் பயன்படுத்தினார். அவர்களின் தொல்லையால் இனி எழுதுவதையே நிறுத்திவிட எண்ணியதாகவும் சொல்கிறார். இது வெறும் புலம்பல் அன்று. பாரிஸ் இறையியலாளர்கள் அவர் நூல்களைக் கண்டனம் செய்திருந்தார்கள். அவர் நூலைப் பதிப்பித்தவர்களுள் ஒருவரான எத்தியன் தொலே, வேறு குற்றச்சாட்டுகளின் பேரில், 1546இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். ரபெலேயின் அஜெலாஸ்த்துகளுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்தது.

1985இல் ஜெருசலேம் பரிசைப் பெற்றுக்கொண்டு ஆற்றிய உரையில் குந்தேரா இச்சொல்லை மீட்டெடுத்தார். உண்மை தெளிவானது, எல்லோரும் ஒன்றே போல நினைத்தாக வேண்டும் என்று நம்புபவர்கள் அஜெலாஸ்த்துகள். நாவல் அவர்களுக்கு எதிரான கலை என்பது அவர் வாதம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய முதல் நாவலான 'தி ஜோக்' 1967இல் வெளிவந்தது. அதில் ஓர் இளைஞன் அஞ்சலட்டையில் எழுதிய விளையாட்டு வரிகளுக்காகக் கட்சியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு, சுரங்கத்தில் உழைக்க அனுப்பப்படுகிறான். அந்த அட்டையைப் படித்துச் சிரிக்காதவர்களிடம் சிறைச்சாலை இருந்தது.

ஷேக்ஸ்பியரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தின் மால்வோலியோ ஆங்கில இலக்கியத்தின் தலைசிறந்த சிரிக்காதவன். பாட்டும் குடியும் கேலியும் அவனுக்கு ஆகா. எல்லோரும் சேர்ந்து அவனை ஏமாற்றி, பைத்தியம் என்று இருட்டறையில் அடைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். உங்கள் எல்லோரையும் பழிவாங்குவேன் என்று சொல்லி வெளியேறுகிறான். அந்நாடகம் நடந்ததாகக் கிடைக்கும் முதல் குறிப்பு 1602ஆம் ஆண்டுக்குரியது. சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1642இல், தூய்மைவாதிகள் செல்வாக்குப் பெற்ற பாராளுமன்றம் இலண்டன் நாடக அரங்குகளை மூடிற்று. மால்வோலியோ பழிவாங்கிவிட்டான் என்று சொல்வதுண்டு.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் கொடுமை செய்தது எது? இருட்டறையில் கிடந்த மால்வோலியோ சிரிக்காதவன்தான். அவனால் ஒரு நாடக அரங்கையும் மூட முடியவில்லை. மூடியது பாராளுமன்றம். சிரிக்காமை ஒரு மனநிலை, தண்டிப்பது அதிகாரம். இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பதை ரபெலேயும் குந்தேராவும் கண்டார்கள், பெயரிட்டார்கள். அதிகாரத்தைக் கழித்துவிட்டுச் சிரிக்காமையை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாம் வரிசையில் இருப்பவர் மீது அதே பெயரை எறிவது எந்த வாசிப்பு? ஒரு சிறுகதையில் வரும் கேலி தம்மைப் புண்படுத்தியது என்று எழுதுகிற வாசகியின் கையில் என்ன இருக்கிறது? ஒரு பேனா. விறகா அடுக்கியிருக்கிறார்?

*

சிரிக்காமை வேறு, ஒடுக்குமுறை வேறு என்பதற்கு ஆங்கில வரலாற்றிலேயே துல்லியமான சான்று உண்டு.

18ஆம் நூற்றாண்டில் செஸ்டர்ஃபீல்ட் பிரபு என்று ஒருவர் இருந்தார். மகனுக்கு எழுதிய கடிதங்களால் புகழ்பெற்றவர். 1748ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், நல்ல குடியில் பிறந்தவன் உரக்கச் சிரிக்கலாகாது, புன்னகை போதும் என்று அறிவுறுத்துகிறார். தமக்கு அறிவு தெரிந்த நாள்முதல் தாம் சிரித்து எவரும் கேட்டதில்லை என்று பெருமையோடு சொல்கிறார். அகராதிப்படி இவர் நூற்றுக்கு நூறு அஜெலாஸ்த். ஆனால் நகைச்சுவை உணர்வு அற்றவரா? தம் காலத்தின் மிகக் கூரிய நாக்குகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். சிரிக்காதவர் எல்லாம் நகைச்சுவை அறியாதவர் என்ற சமன்பாடு இங்கேயே உடைகிறது.

அவர் காலத்தில் ஆட்சியின் தலைமையில் இருந்தவர் ராபர்ட் வால்போல். விருந்து மேசையில் எப்போதும் ஆபாசமாகவே பேசுவேன், அதில்தான் எல்லோரும் கலந்துகொள்ள முடியும் என்று அவர் சொன்னதாக பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். கலகலப்பான மனிதர், சென்ஸ் ஆஃப் ஹ்யூமருக்குக் குறைவே இல்லை. இந்த வால்போலை நாடக ஆசிரியர்கள் மேடையில் நையாண்டி செய்தார்கள். 1728இல் ஜான் கேயின் 'தி பெக்கர்ஸ் ஒபெரா' பெரும் வெற்றி பெற்றது. அதன் தொடர்ச்சியான 'பாலி' மேடையேறவிடாமல் தடுக்கப்பட்டது. ஹென்றி ஃபீல்டிங் தொடர்ந்து தாக்கினார். 1737இல் வால்போல் நாடகத் தணிக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மேடையேறுமுன் ஒவ்வொரு நாடகமும் அரண்மனை அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றாயிற்று. ஃபீல்டிங்கின் நாடக வாழ்க்கை அத்தோடு முடிந்தது. அவர் நாவல் பக்கம் திரும்பினார். அந்தத் தணிக்கை முறை 1968வரை, அதாவது 231 ஆண்டுகள், ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் புகழ்பெற்ற உரை நிகழ்த்தியவர் யார்? சிரித்து எவரும் கேட்டறியாத செஸ்டர்ஃபீல்ட். நகைத்திறன் என்பது ஒருவகைச் சொத்து, அதை உடையவர்களுக்குப் பெரும்பாலும் வேறு சொத்தே கிடையாது, அதன்மேல் கைவைக்காதீர்கள் என்று வாதாடினார்.

இதைவிட என்ன சான்று வேண்டும்? வாய்விட்டுச் சிரித்தவர் பிறர் வாயை அடைத்தார். சிரிக்காதவர் அந்த வாய்க்காக வழக்காடினார். மனிதரை அளக்க வேண்டிய கேள்வி 'இவர் சிரிக்கிறாரா' என்பது அன்று; 'தம்மைப் பார்த்துப் பிறர் சிரிக்கும்போது இவர் என்ன செய்கிறார்' என்பதே. வால்போல்களுக்குத் தெருவில் வழங்கும் சொல் ஒன்று உண்டா? பிறரைப் பார்த்துச் சிரிப்பதில் இன்பம் காண்பதற்கும், பிறர் தம்மைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று அஞ்சுவதற்கும் உளவியலாளர்கள் அண்மைக் காலத்தில் கிரேக்க வேர்களிலிருந்து கலைச்சொற்கள் செய்திருக்கிறார்கள். அவை ஆய்விதழ்களைத் தாண்டவில்லை. கில்ஜாய் மட்டும் எல்லா வீட்டிலும் குடியிருக்கிறது. அதையே சாரா அகமது என்ற அறிஞர் 2010இல் வெளியான நூலிலும் பின்னரும் ஒரு பட்டமாக எடுத்து அணிந்துகொண்டார். பெண்ணை இழிவுசெய்யும் பேச்சுக்குச் சிரிக்காமல் இருப்பதுதான் மகிழ்ச்சியைக் கொல்வது என்றால், நான் கொலைகாரிதான் என்றார். நல்ல பதில். ஆனால் வசைச் சொல்லை மாலையாக அணிய வேண்டிய நிலைக்கு ஒருவரைத் தள்ளியதே அந்தச் சொல்லின் வெற்றி அல்லவா என்றும் எனக்குத் தோன்றுகிறது.

*

அஜெலாஸ்த்தின் வேருக்கு ஒருமுறை போய்வருவது பயன் தரும். டெமிட்டர் என்னும் கிரேக்கத் தாய்த்தெய்வத்தின் மகளைப் பாதாள உலகின் அரசன் கவர்ந்து செல்கிறான். தாய் உண்ணாமல், சிரிக்காமல் அலைகிறாள். ஹோமரின் பெயரால் வழங்கும் பழந்துதியில் அவளுடைய அந்த நிலையைச் சொல்ல இதே சொல்தான் வருகிறது. எலியூசிஸில் அவள் அமர்ந்ததாகச் சொல்லப்பட்ட பாறைக்கும் 'சிரிப்பற்ற பாறை' என்று பெயர். ஆக, இச்சொல்லின் பழைய உரிமையாளர்களுள் ஒருத்தி மகளைப் பறிகொடுத்த தாய். ஐயாம்பே என்ற பணிப்பெண் அவளைச் சிரிக்கவைக்கிறாள். எப்படி? உனக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று குற்றம் சாட்டியா? அருகே வந்து, அவளுக்காகவே வேடிக்கைகள் பேசி. சிரிக்கவைக்கும் பொறுப்பைச் சொல்பவள் தன் தலையில் ஏற்றுக்கொண்டாள்.

இந்தப் பொறுப்பு நம் மரபுக்கும் அயலானது அன்று. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. நகை அங்கே ஒருவர் பையில் வைத்திருக்கும் பொருள் அன்று. ஒன்றன் காரணமாகத் தோன்றுவது. தோன்றாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். எள்ளலை விளக்கும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் தான் எள்ளப்படும்போது நகுவதையும் சேர்த்தே சொல்கிறார். வால்போலுக்கு இரண்டாவது பாதி எட்டவில்லை. 999ஆம் குறளில் வள்ளுவர், பிறரோடு கலந்து மகிழும் ஆற்றல் இல்லாதவருக்குப் பகலும் இருட்டாகவே இருக்கும் என்கிறார். இருள் அவருக்குத்தான், அவர் ஊர் விளக்கை அணைத்தார் என்று வள்ளுவர் பழிக்கவில்லை. வைத்த இடமோ பண்புடைமை அதிகாரம். பிறரோடு கலந்து சிரிப்பது பண்பு. பிறரை வெளியே தள்ளிவிட்டு மீதிப்பேர் சிரிப்பதை எந்த அதிகாரத்தில் வைப்பது?

*

ஆங்கிலமே இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது என்பதுதான் வருத்தம். 1877இல் நாவலாசிரியர் ஜார்ஜ் மெரிடித் இலண்டனில் நகைச்சுவை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் ஒன்றல்ல, மூன்று சொற்கள் வருகின்றன. சிரிக்காதவர்களை அஜலாஸ்ட் என்றார். சிரிப்பை வெறுப்பவர்களை மிசோஜலாஸ்ட் என்றார். எதற்கெடுத்தாலும் சிரிப்பவர்களுக்கு ஹைப்பர்ஜலாஸ்ட் என்று பெயரிட்டார். எல்லாவற்றுக்கும் சிரிப்பவனுக்கும் நகைச்சுவையின் சுவை தெரியாது. அவ்வகையில் அவனும் சிரிக்காதவனும் ஒரே குடும்பம். பெண்கள் ஆண்களோடு நிகராக அமராத சமூகத்தில் உயர்ந்த நகைச்சுவை வளராது என்பதும் அதே உரையின் கருத்து. இந்த மூன்றில் உலகம் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூசிக்குக் கொடுத்துவிட்டது. தனக்குப் பொருந்தக்கூடிய சொல்லை எந்தக் கூட்டம்தான் விரும்பிச் சுமக்கும்?

விழாவுக்கு மறுவாரம் அந்த மாணவியிடம், அன்று ஏனம்மா சிரிக்கவில்லை என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பது கேட்ட பிறகே புரிந்தது.

"அவர் சொல்லிக் காட்டினதுல ரெண்டு மூணு வார்த்தையை எங்கப்பா அப்படியேதான் சொல்வாரு ஐயா" என்றாள். சற்று நின்று, "நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அதனால தப்பு எங்கிட்டதான்னு நெனச்சேன்" என்றாள்.

மெய்ப்பாட்டியல் நடத்தும்போது வகுப்பில் முதலில் சிரிப்பவள் இவள்தான். பேதைமைக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டுகளில் என் சொந்த மறதியும் ஒன்று. அதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவளுக்கு எந்தப் புலனும் குறைவில்லை. மெரிடித்தின் மூன்றாவது சொல்லை அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்த எங்களுக்கு எடுத்துக்கொள்கிறேன். அளவு சரியாகவே இருக்கிறது.